ஆளுக்கொரு பாத்திரம், எல்லாருக்கும் ஒரே கதை: எழுத்து ரோல்பிளேக்கு முழுமையான வழிகாட்டி

இங்கே ரோல்பிளே என்று சொல்வது எழுத்து ரோல்பிளேயை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நீ ஒரு பதிவு, நான் ஒரு பதிவு என்று முறைவைத்து ஒரே கதையை வளர்ப்பது. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கத்து ஆட்கள் சேர்ந்து டெலிகிராமில் நடத்தும் ஒரு குழுவில், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நன்றாக எழுதத் தெரிந்தவர்களே இங்கே வந்து தடுமாறுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தனியாகக் கதை எழுதிப் பழகியவர் தன் பதிவு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பார். இங்கே பார்க்க வேண்டியது வேறு: இதைப் படித்த பிறகு அடுத்தவருக்கு எழுத ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கீழே வரும் படிகள் எல்லாம் அதை மனதில் வைத்துப் போட்டவை. வரிசையை மாற்றாமல் போங்கள். பாத்திரத்தை முதலில் உருவாக்கிவிட்டு அப்புறம் கதைக்களத்தைத் தேடுகிறவர்கள், ஒன்று பாத்திரத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் கதையை வளைக்க வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். போனில் ஒரு தமிழ் விசைப்பலகை, ஒரு நோட்ஸ் செயலி, கூட எழுத ஒன்றிரண்டு பேர். முதல் கதைக்கு இரண்டு பேர் போதும், மூன்று பேர் தாங்கும். ஐந்து பேரோடு தொடங்கும் கதை பெரும்பாலும் அறிமுகப் பதிவுகளோடு நின்றுபோகும்.

பதிவை எப்போதும் நோட்ஸில் எழுதி, படித்துப் பார்த்து, பிறகு குழுவில் ஒட்டுங்கள். குழுவிலேயே தட்டினால் பாதியில் விரல் பட்டு அனுப்பிவிடும், எதிரே இருப்பவர் அந்தப் பாதிக்குப் பதில் எழுதத் தொடங்கிவிடுவார். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும். டெலிகிராமில் 48 மணி நேரம் உண்டு. ஆனால் பதில் வந்த பிறகு திருத்துவது கதைக்கு ஆகாது, அதை இரண்டு இடத்திலும் தவிருங்கள்.

கதைக்கு ஓரிடம், பேச்சுக்கு ஓரிடம் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். டெலிகிராம் குழு என்றால் டாபிக்ஸ் வசதியைத் திறந்து இரண்டு தலைப்பு போட்டால் முடிந்தது. 'மன்னிக்கணும், கரண்ட் இல்லை, ராத்திரி எழுதுறேன்' என்பது கதைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தால், ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் படிக்கும்போது கதையைக் கண்டுபிடிப்பதே பாடாகிவிடும்.

குழுவில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காதல், வன்முறை எதுவரை போகலாம் என்பது அதைப் பொறுத்தது. சங்கடமான கேள்விதான், ஆனாலும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதேபோல உங்கள் வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம் எதையும் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

2. இடத்தையும் காலத்தையும் ஆணி அடியுங்கள்

'குமரி மாவட்டத்தில் ஒரு கதை' என்று தொடங்கினால் ஒருவர் மனதில் தோவாளைப் பூச்சந்தை ஓடும், இன்னொருவர் மனதில் குலசேகரம் ரப்பர் தோட்டம் ஓடும். ஊர், மாதம், ஆண்டு, இந்த மூன்றையும் எழுதிக் குழுவின் மேலே பின் (pin) செய்யுங்கள். இதில் அரை மணி நேரம் செலவு செய்தால், பிறகு வரும் சண்டையில் பாதி வராது.

மாதம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் மாதம் மாறினால் கதையே மாறும். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம்தான், ஆனால் மே மாதத்தில் சின்னமுட்டத்துப் போட்டு (விசைப்படகு) கரையில் நிற்கும், குளச்சல் போட்டு கடலில் கிடக்கும். ஜூலையில் நேர்மாறு. இதைத் தெரிந்து எழுதினால் இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில் பொறாமை, கடன், கூலித் தகராறு எல்லாம் தானாக முளைக்கும். தெரியாமல் எழுதினால் ஜூலையில் குளச்சலிலிருந்து விசைப்படகு புறப்படும், உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து கதையை நிறுத்துவார்.

மழையும் அப்படித்தான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் இங்கே உண்டு. ஜூனில் குலசேகரம் பக்கம் வெயில் கொளுத்துவதாக எழுதிவிட்டு, அதே காட்சியில் விடிகாலை ரப்பர் பால் வெட்டுக்கு ஆள் போவதாகவும் எழுதினால், அங்கே பிறந்தவருக்கு இரண்டுமே இடிக்கும். மழை கொட்டும் காலையில் வெட்டு நடக்காது, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. உங்கள் பாத்திரம் அன்றைக்கு ஏன் கோபமாக இருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

ஆண்டை விட்டுவிட்டால் வரும் பிழைகள் இன்னும் வேடிக்கை. 1985-இல் நடக்கும் கதையில் கன்னியாகுமரிக் கடலில் வள்ளுவர் சிலை நிற்கும். சிலை திறந்தது 2000 ஜனவரி 1. 1940-இல் நடக்கும் கதையில் தக்கலைக் கடைக்காரர் 'நம்ம சென்னை சர்க்கார்' என்பார். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. 1940-இல் நடக்கும் கதையின் கடையில் திருவிதாங்கூர் நாணயமான சக்கரம் புழங்க வேண்டும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். குளச்சல் போர்க்காலம், அதாவது 1741, வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: முதல் கதைக்கு வேண்டாம். என்ன உடுத்தினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் தேட வேண்டியிருக்கும், முறை வரும்போது கை நிற்கும்.

ஊர்ப்பெயர் உண்மையாக இருக்கட்டும். வீட்டுப்பெயர், கடைப்பெயர், உயிரோடு இருக்கும் ஆட்கள் எதுவும் வேண்டாம். இது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த மாவட்டம். 'சும்மா கதைக்குத்தான்' என்று யாருடைய பங்குத்தந்தையையோ வார்டு கவுன்சிலரையோ உள்ளே கொண்டுவந்தால் அது கதையாக நிற்காது.

3. பாத்திரத் தாள்: ஒரு பக்கம் போதும்

நிறம், உயரம், கண், பிடித்த பாட்டு என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் கொண்டு வருவார்கள். அதில் கதைக்கு உதவுவது சொற்பம். நான் கேட்பது இவ்வளவுதான்: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், அதற்கு எது தடை, எதை இவரால் செய்ய முடியாது, யாரிடம் எதை மறைக்கிறார்.

'எதைச் செய்ய முடியாது' என்பதை வற்புறுத்திக் கேட்கக் காரணம் உண்டு. புதியவர்களின் முதல் பாத்திரம் அநேகமாக எல்லாம் தெரிந்த ஆளாக இருக்கும். களரி தெரியும், வக்கீல் படிப்பு, கடலில் நீந்தினால் யாராலும் பிடிக்க முடியாது, அனாதை, அழகு வேறு. இவரோடு எழுத வருபவருக்கு வேலையே இல்லை. இவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது, யாரும் இவரை ஏமாற்றவும் முடியாது. குறை என்று எழுதச் சொன்னால் 'ரொம்ப நல்லவன், அதான் குறை' என்று எழுதுவார்கள். அது குறை இல்லை. கணக்குத் தெரியாது, பொய் சொன்னால் திணறுவான், தம்பி கேட்டால் மறுக்க மாட்டான், இவைதான் குறை. அடுத்தவர் வந்து பிடிக்க ஒரு பிடி கிடைக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். குளச்சல், ஜூலை, தடைக்காலம். சூசை, இருபத்தைந்து வயது, அப்பாவின் விசைப்படகில் வேலை. வீட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் கூச்சம். தங்கம்மை, ஐம்பதை நெருங்குகிறாள், தலைச்சுமையாக மீன் விற்கிறாள், சூசையின் அப்பாவுக்குக் கடன் கொடுத்திருக்கிறாள். பணம் உடனே வேண்டும், எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. தாள் இவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்கள் தாளில் இன்னும் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். ஒன்று, யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள். தங்கம்மைக்கு சூசை 'மக்கா', கோபம் வந்தால் 'லேய்'. சூசைக்கு அவள் 'எக்கா', எந்தக் கோபத்திலும் 'நீங்க'தான். இது தாளில் இல்லாவிட்டால் மூன்றாவது பதிவில் 'நீ', ஐந்தாவதில் 'நீங்க' என்று உறவு ஆடும். இரண்டு, கதை சொல்லும் வரிகளில் அவளா, அவரா? ஒருவர் 'தங்கம்மை சொன்னாள்' என்றும் இன்னொருவர் 'தங்கம்மை சொன்னார்' என்றும் எழுதினால் படிப்பவருக்கு இரண்டு தங்கம்மைகள். ஒன்றை முடிவு செய்து, எல்லாரும் அதையே பிடியுங்கள்.

4. காலமும் இடமும் வினைமுற்றும்

எல்லாரும் படர்க்கையில், இறந்த காலத்தில் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான்' என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு பேர் மாறி மாறி 'நான்' என்று எழுதினால், நான்கு பதிவு தாண்டியதும் எந்த நான் யார் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு. 'எழுந்தான், வாசலுக்கு வந்தான், காறித் துப்பினான்.' தனிக்கதையில் இது ஓடும். காட்சியில் சூசையும் அவன் அப்பாவும் சேர்ந்து இருக்கும்போது, துப்பியது யார்? ஒரே பாலில் இரண்டு பேர் இருக்கும் காட்சியில் பத்திக்கு ஒருமுறையாவது பெயரைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ஒரு வரி: 'குளச்சல், ஆடி 2, காலை எட்டு மணி.' ஒரே நேரத்தில் இரண்டு காட்சி ஓடும் கதைகளில், ஒரு பாத்திரம் காலை எட்டுக்குக் குளச்சலிலும் எட்டே காலுக்கு மார்த்தாண்டத்திலும் நிற்பதை இந்த ஒரு வரிதான் தடுக்கும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், மார்த்தாண்டம் முப்பதை ஒட்டி. பஸ்ஸில் போகிறவருக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுங்கள்.

5. முதல் பதிவு: நடுவில் தொடங்குங்கள்

காட்சியைத் திறப்பவர் செய்யும் பெரிய பிழை, தன் பாத்திரத்தைத் தனியாக உட்கார வைப்பது. 'சூசை விழித்தான். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான். பல் தேய்த்தான். அப்பாவை நினைத்துக்கொண்டான்.' நடை அழகாகக்கூட இருக்கலாம். ஆனால் தங்கம்மையை எழுதுபவர் எங்கே நுழைவார்? பல் தேய்க்கும் இடத்துக்கா?

முதல் பதிவில் பாத்திரம் பொது இடத்தில் இருக்க வேண்டும், ஏதோ ஒரு வேலையில் இருக்க வேண்டும், யாராவது வந்தால் வேலை தடைப்பட வேண்டும். வலை பழுதுபார்க்கும் கொட்டகை, டீக்கடை, வடசேரி பஸ் நிலையம் எல்லாம் சரிதான். விழிப்பதில் தொடங்கும் பதிவுகளை எங்கள் குழுவில் இப்போது தடையே செய்துவிட்டோம்.

6. ஒரு பதிவுக்குள் என்ன வரிசை

இதுதான் முக்கியமான படி. உங்கள் முறை வந்ததும் முதலில் எதிரில் இருப்பவர் கொடுத்ததை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் உங்கள் பாத்திரத்தின் செயல், கடைசியில் அடுத்தவருக்கு ஒரு பிடி. தங்கம்மை பக்கத்திலிருந்து ஒரு பதிவு:

தங்கம்மை வலைக் கொட்டகை வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்தாள். உள்ளே வரவில்லை. 'உங்க அப்பன் ஆனி கடைசியில தாறேன்னு சொன்னாரு. இன்னைக்கு ஆடி ரெண்டு, மக்கா.' கூடையை மூடியிருந்த துணியை எடுத்து உதறி மடித்தாள். போகிற ஆள் துணியை மடிக்க மாட்டாள்.

சூசை பக்கத்திலிருந்து பதில்:

சூசை ஊசியைக் கீழே வைக்கவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. அவள் மடித்த துணியைப் பார்த்தான். 'இருங்கக்கா, டீ சொல்லட்டா? ஆடி பாதி ஆனாத்தான் போட்டு எறங்கும், உங்களுக்குத் தெரியும்லா.' கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்: 'எவ்வளவுன்னு அப்பா சொன்னாரு?'

இந்தப் பதிலில் நடந்ததைப் பாருங்கள். துணி மடித்ததை சூசை கவனித்தான், அதனால் முதல் பதிவு எழுதியவருக்குத் தன் வரி வீணாகவில்லை என்று தெரியும். கணக்குத் தெரியாத அவனுடைய குறை தானாக வெளியே வந்தது. கடைசிக் கேள்வியில் தங்கம்மைக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது: உண்மையான தொகையைச் சொல்வாளா, கூட்டிச் சொல்வாளா? அதை முடிவு செய்ய வேண்டியவர் தங்கம்மையை எழுதுபவர். சூசையை எழுதுபவர் அதில் தலையிடவில்லை.

பிடியைக் கடைசியில் வைக்கக் காரணம் எளிது. பதிவின் முதல் வரியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு மூன்று பத்திக்குக் கடலையும் காற்றையும் வர்ணித்தால், அடுத்தவர் கடலுக்குப் பதில் எழுதுவார், கேள்வி மறந்துபோகும். இன்னொரு பிழை, கேள்வியைக் கேட்டுவிட்டு அதே பதிவில் பாத்திரத்தை எழுப்பி வெளியே அனுப்புவது. பதில் சொல்ல வாயைத் திறந்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மனதுக்குள் ஓடும் எண்ணங்களுக்கு அடுத்தவரால் பதில் சொல்ல முடியாது. 'இவள் நம்மை ஏமாற்றுகிறாளோ என்று நினைத்தான்' என்று ஒரு பத்தி எழுதினால் அது உங்களுக்கு மட்டும். அந்தச் சந்தேகத்தைக் கைக்கோ கண்ணுக்கோ கொண்டுவாருங்கள். ஊசியைப் பிடித்த கை நின்றது என்றால் தங்கம்மையால் அதைப் பார்க்க முடியும்.

7. அடுத்தவர் பாத்திரத்தை ஆட்டாதீர்கள்

இதற்குக் குழுக்களில் காட்மாடிங் என்று பெயர். விதியாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எழுதும்போது செய்துவிடுவார்கள். இப்படி வரும்:

தங்கம்மை முறைத்தாள். சூசை பயந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தான். 'இனி இப்படி ஆகாதுக்கா' என்று கெஞ்சினான்.

எழுதியவர் தங்கம்மைக்காரர். சூசைக்காரருக்கு என்ன மிச்சம்? பயம், பணம், பேச்சு மூன்றும் பறிபோய்விட்டது. கதையும் முடிந்துவிட்டது.

முயற்சியை மட்டும் எழுதுங்கள், விளைவை விட்டுவிடுங்கள். 'கன்னத்தில் அறைந்தாள்' என்று எழுதினால் அறை விழுந்துவிட்டது. 'அறையக் கையை ஓங்கினாள்' என்றால் விலகலாம், வாங்கிக்கொள்ளலாம், கையைப் பிடிக்கலாம். சண்டைக்காட்சியில் இதை மறந்தால் இரண்டு பேரும் மாறி மாறி ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஆகிவிட்டால் பகடைக்கு விடுங்கள். டெலிகிராமில் பகடை எமோஜியைத் தனியாக அனுப்பினால் அதுவே உருண்டு ஓர் எண்ணைக் காட்டும். பெரிய எண் வந்தவருடைய அடி எதிராளி மேல் விழும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தன் பாத்திரத்துக்கு எதுவுமே நடக்கவிடாதவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். ஓங்கிய கை ஒவ்வொரு முறையும் காற்றில் போகும், சொன்ன பொய் ஒவ்வொரு முறையும் பிடிபடும். நான்கு முறை தப்பினால் ஐந்தாவது முறை அடி வாங்குங்கள். அடி வாங்கிய பாத்திரத்துக்குத்தான் அடுத்த வாரம் எழுத விஷயம் இருக்கும்.

சின்ன அசைவுகளுக்கு முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 'சூசை டீ கொண்டு வந்து வைத்தான்னு நான் எழுதிக்கட்டா?' என்று பேச்சுத் தலைப்பில் கேட்டால் ஒரு பதிவு மிச்சம்.

8. உங்களுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது

மூன்றாவது ஆள் ஒருவர் சூசையின் அப்பாவை எழுதுகிறார் என்று வைப்போம். மார்த்தாண்டத்தில் ஓர் அடகுக்கடையில் அவர் மனைவியின் செயினை வைத்துப் பணம் வாங்கும் காட்சியை நேற்று எழுதினார். குழுவில் எல்லாரும் படித்துவிட்டோம். இன்றைக்கு குளச்சல் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு தங்கம்மை சொல்கிறாள்: 'செயின அடகு வச்ச காசு எங்கல?' இதைத்தான் மெட்டாகேமிங் என்பார்கள். எழுதுபவர் படித்தது, பாத்திரத்தின் வாயில் வந்துவிட்டது.

பதிவை அனுப்பும் முன், உங்கள் பாத்திரம் பேசும் ஒவ்வொரு தகவலுக்கும் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். வழி இல்லையென்றால் வரியை அடித்துவிட வேண்டியதில்லை, வழியை உண்டாக்கலாம். கருங்கல் வழியாக வந்த பஸ்ஸில் அப்பாவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, தங்கம்மையிடம் மீன் வாங்கும்போது 'மார்த்தாண்டத்துல என்ன சோலி அவருக்கு?' என்று மட்டும் கேட்கலாம். இப்போது தங்கம்மைக்குப் பாதி தெரியும், பாதி ஊகம். ஊகம் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

9. பேச்சில் மண்வாசனை, அளவோடு

கதை சொல்லும் வரி எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சுத் தமிழில். இந்தப் பிரிவை எல்லாரும் ஏற்றுக்கொண்டால் போதும். சிலர் வர்ணனையையும் வட்டாரப் பேச்சில் எழுதுவார்கள். ஒருவர் எழுதினால் ரசிக்கலாம். இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் ஒரு கதைக்கு இரண்டு கதைசொல்லி.

நம் மாவட்டத்தில் ஒரே பேச்சு கிடையாது. நாகர்கோவில் பக்கம் கேட்கும் 'தெரியும்லா', 'கேட்டியா', 'மக்கா' வேறு. விளவங்கோடு பக்கம் போனால் தண்ணீர் வெள்ளமாகும், டீ சாயாவாகும், மலையாள வாடை கூடும். கடற்கரை ஊர்களுக்குத் தனி ஓசை. உங்கள் பாத்திரம் எந்த ஊர் என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நாலு வரி பேசிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வசனத்தில் ஒன்றிரண்டு அடையாளம் போதும். 'லேய் மக்கா கேட்டியா பாத்தியா தெரியும்லா' என்று அடுக்கினால் அது கிண்டல் செய்வதுபோல் ஆகிவிடும், அந்த ஊர்க்காரருக்குச் சுருக்கென்று படும்.

சாதி, மதம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பாத்திரத்தின் பேச்சும் பழக்கமும் எங்கிருந்து வருகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து வசவு எழுதுவதென்றால் முதலில் பேச்சுத் தலைப்பில் கேளுங்கள், ஒருவர் வேண்டாமென்றாலும் வேண்டாம்.

10. நீளமும் வேகமும்

எதிரில் இருப்பவர் எழுதும் அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவர் ஆறு வரி எழுத நீங்கள் அறுபது எழுதினால், எதற்குப் பதில் சொல்வது என்று திணறுவார். அவர் நாலு பத்தி எழுத நீங்கள் 'சரி என்று தலையாட்டினான்' என்றால், சுவரில் பந்து அடிப்பது போலத்தான் அவருக்கு. டெலிகிராமில் ஒரு செய்திக்கு 4096 எழுத்துக்குறி வரம்பு உண்டு. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் ஏறத்தாழ 400 சொல்லில் அது முடிந்துவிடும். பதிவு அதைத் தாண்டி இரண்டாக உடைகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு முறைக்கு உரிய விஷயத்தை ஒரே முறையில் சொல்லியிருப்பீர்கள்.

மூன்று பேர் இருக்கும் காட்சியில் முறை வரிசையை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் ஆன்லைனில் இருக்கும் இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்சியை முடித்துவிடுவார்கள், மூன்றாமவர் காலையில் வந்து பார்த்தால் கொட்டகை காலி. எங்கள் விதி: மற்ற எல்லாரும் எழுதும்வரை யாரும் இரண்டாவது பதிவு போடக் கூடாது. இரண்டு நாள் ஆகியும் பதிவு வராதவரின் முறையைத் தாண்டிப் போகலாம், அவர் பாத்திரம் அங்கேயே பேசாமல் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம்.

11. அனுப்பும் முன் ஒரு பார்வை

கடைசி மூன்று பதிவையும் திரும்பப் படித்துவிட்டு உங்கள் வரைவைப் படியுங்கள். சூசை உட்கார்ந்திருக்கிறானா நிற்கிறானா, கூடை தலையிலா தரையிலா, மழை விட்டதா என்பவை இங்கேதான் பிடிபடும். பிறகு குரல்வழித் தட்டச்சு செய்த விளையாட்டுகளைப் பாருங்கள். 'வலை' 'வளை' ஆகியிருக்கும், 'கரை' 'கறை' ஆகியிருக்கும். மீனவர் கதையில் இந்த இரண்டும் தப்பினால் தாங்காது.

பிழையோடு பதிவு போய், அதற்குப் பதிலும் வந்துவிட்டதா? திருத்தாதீர்கள். பேச்சுத் தலைப்பில் சொல்லிவிட்டு, அடுத்த பதிவில் கதைக்குள்ளேயே சரிசெய்யுங்கள். தங்கம்மை தொகையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றால், அது ஏன் தப்பாக வந்தது என்பதே ஒரு காட்சி.

12. மனத்தாங்கல் வந்தால்

தங்கம்மை சூசையைத் திட்டினாள் என்றால், உங்களைத் திட்டவில்லை. இதைப் புத்தியால் புரிந்துகொண்டவர்களுக்கும் ராத்திரி பதினோரு மணிக்குச் சுருக்கென்று இருக்கும். அப்போது கதையில் பழிவாங்காமல், பேச்சுத் தலைப்பில் ஒரு வரி எழுதுங்கள்: 'காட்சி கொஞ்சம் கனமாகுது, நாளைக்குத் தொடரலாமா?' கதைக்குள் பழி வாங்கத் தொடங்கினால் பாத்திரங்களுக்குக் காரணமே இல்லாமல் கோபம் வரும், படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது.

13. காட்சியை மூடுவது, ஆளைக் கழற்றுவது

ஒரு காட்சியில் ஒரு விஷயம் மாறிவிட்டால் மூடிவிடுங்கள். சூசைக்குத் தொகை தெரிந்துவிட்டது, தங்கம்மை கூடையைத் தூக்கிவிட்டாள், போதும். அவள் தெருமுனை திரும்புவதுவரை, அவன் வலையைச் சுருட்டுவதுவரை எழுதிக்கொண்டே போனால் நாலு பதிவு வீணாகும், அடுத்த காட்சிக்குள் நுழையும்போது எல்லாருக்கும் அலுத்திருக்கும். மூடுவதற்கு முன் 'இத்தோட நிறுத்திக்கிடுவோமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் ஒரு குண்டை வைத்திருக்கலாம்.

பரீட்சை, வேலை, கல்யாணம் என்று யாராவது பாதியில் போவார்கள். முன்கூட்டிச் சொன்னால் பாத்திரத்தையும் மரியாதையாக வழியனுப்பலாம். சொல்லாமல் மறைந்தவரின் பாத்திரத்தைக் கொல்லாதீர்கள், அவர் இரண்டு மாதத்தில் திரும்பி வருவார். கடற்கரைக் கதை என்றால் தூத்தூர்க்காரர்களோடு ஆழ்கடலுக்கு ஏற்றிவிடுங்கள், அங்கே போனவர் வாரக்கணக்கில் கரைக்கு வராவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கதை ஜூலையில் நடக்கிறதென்றால் தடைக்காலம், அது முடியாது. குலசேகரத்தில் ஓர் அத்தையை உண்டாக்கி அங்கே அனுப்பிவையுங்கள்.